காலேஜ் கேட்டுக்குள்ள நமக்கும் வேலை இருக்கு: விரிவாக்கப் பணி பத்தி ஒரு எளிய விளக்கம்

ஊர் பக்கத்துல ஒரு பல்கலைக்கழகமோ பெரிய காலேஜோ இருந்தா, அதனால பிரயோஜனம் அங்க படிக்கிற பசங்களுக்கும் அவங்க வீட்டுக்கும் மட்டும்தான்னு நம்மள்ல நிறைய பேரு நினைச்சுட்டு இருக்கோம். கேட்டுல செக்யூரிட்டி நிக்கிறாரு, "யாரைப் பார்க்கணும்"னு கேப்பாரு, நமக்கு பதில் சொல்லத் தெரியாது, அதனால அந்தப் பக்கமே போறதில்ல. ஆனா அங்க அட்மிஷன் வாங்காத ஆளுங்களுக்காகவே நடக்குற வேலைகள் ஏகப்பட்டது இருக்கு. ஆடு கோழி வளர்ப்புப் பயிற்சி, காளான் பயிற்சி, அரசுப் பள்ளி பசங்களுக்கு வகுப்பு, இலவச சட்ட ஆலோசனை, போட்டித் தேர்வு கோச்சிங்னு லிஸ்ட் நீளமா போகும். இதையெல்லாம் சேர்த்து விரிவாக்கப் பணின்னு சொல்வாங்க, இப்ப அவுட்ரீச்னும் சொல்றாங்க. இது என்ன, யாரு நடத்துறாங்க, நம்ம எப்படிப் போய் கேக்குறதுன்னு இப்பதான் முதல் தடவை கேள்விப்படுறவங்களுக்கு புரியிற மாதிரி எழுதுறேன். தமிழ்நாட்டை வச்சேதான் சொல்லப்போறேன்.

ஒரு பல்கலைக்கழகத்துக்கு மூணு வேலை. ஒண்ணு பாடம் நடத்துறது, ரெண்டு ஆராய்ச்சி, மூணாவது, உள்ள இருக்குற அறிவையும் ஆளுங்களையும் வெளிய இருக்குற ஜனங்களுக்கு உபயோகமா கொண்டுபோறது. இந்த மூணாவதுக்கும் முதல் ரெண்டுக்கு சமமான இடம் குடுக்கணும்னு பல்கலைக்கழக மானியக் குழு, அதான் யுஜிசி, 1977லயே கொள்கையா சொல்லிடுச்சு. அதனால இது ஏதோ நல்ல மனசு இருக்குற ஒரு பேராசிரியர் பாவம் பார்த்து பண்ற தர்மம் இல்ல, அவங்க செய்ய வேண்டிய வேலையிலயே ஒரு பங்கு. அரசுப் பல்கலைக்கழகம்னா நம்ம வரிப்பணமும் அதுல இருக்கு, நம்ம போய் கேக்குறதுல கூச்சப்பட ஒண்ணுமே இல்ல. இந்தக் கட்டுரைல நான் சொல்ல வர்றதே இந்த ஒரு விஷயத்தைத்தான், மத்ததெல்லாம் அதுக்கு விவரம்.

உலகத்துல இது எங்க ஆரம்பிச்சுதுன்னா, 1873ல இங்கிலாந்துல கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் தன்னோட ஆசிரியர்களை வெளியூர்களுக்கு அனுப்பி வேலைக்குப் போறவங்களுக்கும் பெண்களுக்கும் வகுப்பு எடுக்க வச்சது. அமெரிக்காவுல அரசாங்கம் நிலம் குடுத்து விவசாயமும் தொழிலும் சொல்லிக்குடுக்கிற காலேஜ்களை உருவாக்குச்சு, அது 1862 சட்டம். அந்த காலேஜ்கள் கண்டுபிடிக்கிறதை கிராமத்து விவசாயிக்கு கொண்டுபோக தனியா ஆள் போடணும்னு 1914ல இன்னொரு சட்டம் வந்துச்சு. நம்ம ஊர் வேளாண் பல்கலைக்கழகங்களும் கிட்டத்தட்ட இந்த அமெரிக்க மாதிரியைப் பார்த்து அமைச்சதுதான்.

ஆனா நம்ம மண்ணுல இதுக்கு வேற ஒரு வேரும் இருக்கு, அது எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை. திண்டுக்கல் பக்கத்துல சின்னாளபட்டி இருக்குல்ல, அது பக்கத்துலதான் காந்திகிராமம். டி.வி.எஸ். சுந்தரம் அய்யங்காரோட பொண்ணு டாக்டர் சௌந்தரம் அம்மா, அவங்க வீட்டுக்காரர் ஜி. ராமச்சந்திரன், ரெண்டு பேரும் 1947ல இதை ஆரம்பிச்சாங்க. சௌந்தரம் அம்மா சின்ன வயசுலயே கணவனை இழந்து, அதுக்கப்புறம் டாக்டருக்குப் படிச்சு, அந்தக் காலத்துல மறுமணமும் பண்ணிக்கிட்டவங்க. சென்னைல வசதியா பிராக்டிஸ் பண்ணிட்டு இருந்திருக்கலாம், ஆனா கிராமத்துக்கு வந்துட்டாங்க. முதல்ல வைத்தியம், கிராம சேவைன்னு தொடங்கி, பின்னாடி 1956ல கிராமிய உயர்கல்வி நிறுவனம் வந்துச்சு, 1976ல அது நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆச்சு. அதாவது ஊருக்கு வேலை செய்றதுன்னு முதல்ல முடிவாச்சு, பல்கலைக்கழகம் அதுக்குள்ள இருந்து பின்னாடி முளைச்சுது. மத்த இடத்துல எல்லாம் தலைகீழ், முதல்ல பில்டிங் கட்டி டிபார்ட்மெண்ட் வச்சு ரொம்ப நாள் கழிச்சு "சரி, ஊருக்கும் ஏதாவது பண்ணலாம்"னு யோசிப்பாங்க. காந்திகிராமத்துல இன்னிக்கும் பசங்க கிராமத்துல போய் தங்கிப் படிக்கிறது படிப்புலயே ஒரு பகுதியா இருக்கு.

அடுத்து, எல்லாருக்கும் பேரு தெரிஞ்ச என்எஸ்எஸ், நாட்டு நலப்பணித் திட்டம். காந்தி நூற்றாண்டை ஒட்டி 1969 செப்டம்பர் 24 அன்னிக்கு 37 பல்கலைக்கழகங்கள்ல 40,000 மாணவர்களோட ஆரம்பிச்சாங்க. ஒரு யூனிட்னா சுமாரா 100 பசங்க, அவங்களுக்கு ஒரு ஆசிரியர் திட்ட அலுவலரா இருப்பாரு. ஒரு மாணவர் வருஷத்துக்கு 120 மணி நேரம், ரெண்டு வருஷத்துல 240 மணி நேரம் வேலை செய்யணும், அது போக தத்தெடுத்த கிராமத்துல 7 நாள் முகாம், அதுல ஒரு யூனிட்லேர்ந்து பாதிப் பேரு, அதாவது 50 பேரு வரைக்கும் போவாங்க. இந்த எண்ணிக்கையை நல்லா ஞாபகம் வச்சுக்கோங்க, நம்ம ஊருக்கு உதவி கேக்கும்போது இதுதான் கணக்கு. 50 இளவட்டப் பசங்க, 7 நாள். அவங்க கைல என்ன வேலை குடுக்குறோம்ங்கிறதுல பாதி நம்ம பொறுப்புதான்.

அப்புறம் 2014ல வந்த உன்னத் பாரத் அபியான். ஐஐடி டெல்லி ஒருங்கிணைக்கிற மத்திய அரசுத் திட்டம். இதுல சேர்ற ஒவ்வொரு கல்வி நிறுவனமும் பக்கத்துல 5 கிராமத்தைத் தேர்ந்தெடுத்து, வீடு வீடா கணக்கெடுத்து, ஊரோட பிரச்சனைக்கு தங்களோட துறை அறிவை வச்சு வழி சொல்லணும். நம்ம ஊர் பக்கத்து இன்ஜினியரிங் காலேஜ் இதுல இருக்கலாம், நம்ம கிராமமே அவங்க லிஸ்ட்ல இருக்கலாம், நமக்குத் தெரியாமலே இருக்கலாம். இதைப் பத்தி கடைசில திரும்ப வர்றேன்.

விவசாயக் குடும்பம்னா இங்கிருந்து ஆரம்பிங்க

தமிழ்நாட்டுல விரிவாக்கப் பணி நல்லா வேர் பிடிச்ச துறைன்னா அது விவசாயமும் கால்நடையும்தான், இதுல எனக்கு சந்தேகமே இல்ல. காரணம் ரொம்ப சிம்பிள், இங்க அதுக்குன்னே ஆபீஸ் இருக்கு, ஆள் இருக்கு, சம்பளம் இருக்கு, வருஷம் பூரா நடக்குது.

அந்த ஆபீஸ்தான் வேளாண் அறிவியல் நிலையம், கேவிகேன்னு சொல்வாங்க. நாட்டுலயே முதல் கேவிகே 1974ல புதுச்சேரில ஆரம்பிச்சுது, அதை நடத்துனது நம்ம கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். இன்னிக்கு இந்தியா முழுக்க 730 தாண்டிடுச்சு. பணம் மத்திய அரசோட வேளாண் ஆராய்ச்சிக் கழகத்துலேர்ந்து வரும், நடத்துறது பல்கலைக்கழகமாவோ தொண்டு நிறுவனமாவோ இருக்கும். விருத்தாசலம், திண்டிவனம், வம்பன், சிறுகமணி, சந்தியூர், பாப்பாரப்பட்டி, அருப்புக்கோட்டை, நீடாமங்கலம், விரிஞ்சிபுரம், பொங்கலூர், திருப்பதிசாரம்னு வேளாண் பல்கலைக்கழகம் நடத்துறதே பல ஊர்ல இருக்கு. கால்நடைப் பல்கலைக்கழகம் காட்டுப்பாக்கத்துலயும் நாமக்கல்லயும் நடத்துது, மீன்வளப் பல்கலைக்கழகம் நாகப்பட்டினம் பக்கத்துல சிக்கல்ல நடத்துது.

கேவிகேல என்ன கிடைக்கும்? மண்ணையும் தண்ணியையும் பரிசோதனை பண்ணிக்கலாம், புது ரகத்தை நம்ம வயல்லயே போட்டுப் பார்க்குற செயல்விளக்கம் உண்டு, ஒரு நாள் பயிற்சிலேர்ந்து பல நாள் பயிற்சி வரைக்கும் உண்டு. நிறைய பேருக்குத் தெரியாத ஒண்ணு, பெரும்பாலான கேவிகேல மனையியல் படிச்ச விஞ்ஞானி ஒருத்தரும் இருப்பாங்க. சத்துமாவு, சிறுதானிய பலகாரம், ஊறுகாய், ஜாம், வீட்டுத் தோட்டம்னு குடும்பத்துப் பெண்கள் வருமானத்துக்கு வழி பார்க்குறதுக்கு அவங்ககிட்ட போகலாம். நிலமே இல்லாத வீட்டுலேர்ந்தும் போகலாம், நிலம் இருந்தாத்தான் வரணும்னு எவனும் சொல்ல மாட்டான்.

கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்துல மாசா மாசம் 5ஆம் தேதி காளான் வளர்ப்பும் 6ஆம் தேதி தேனீ வளர்ப்பும் ஒரு நாள் பயிற்சியா நடத்துறது ரொம்ப வருஷமா இருக்குற பழக்கம், லீவு நாள் வந்தா தேதி தள்ளிப் போகும், சின்னதா ஒரு கட்டணம் இருக்கும், போன் பண்ணி கேட்டுட்டுப் போங்க. ஆடு, நாட்டுக்கோழி, கறவை மாடுன்னா தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் பல மாவட்டத்துல பயிற்சி மையம் வச்சிருக்கு. வெளிநாட்டுலேர்ந்து திரும்பி வந்து "ஒரு ஐம்பது ஆடு வாங்கி விடலாம்"னு யோசிக்கிற அண்ணன்மாருங்களுக்கு ஒரே வேண்டுகோள், பணத்தை இறக்குறதுக்கு முன்னாடி அந்த மையத்துல ஒரு நாள் போய் உக்காருங்க. துள்ளுமாரி நோய்க்கு எப்ப ஊசி போடணும், குடற்புழு நீக்கம் எப்ப, கொட்டகைல ஒரு ஆட்டுக்கு எவ்வளவு இடம் வேணும், தீவனச் செலவு எவ்வளவு வரும்னு தெரியாம யூடியூப் பார்த்து இறங்கினவங்க முதல் மழைக்காலத்துலயே குட்டிங்களைப் பறிகொடுத்துட்டு நிக்கிறாங்க, பார்க்கவே வயிறு எரியும்.

இன்னொண்ணு, வேளாண் படிக்கிற பசங்க கடைசி வருஷத்துல கிராமத்துல வந்து தங்குவாங்க, கிராமப்புற வேளாண் பணி அனுபவம்னு அதுக்குப் பேரு. பேப்பர்ல "வேளாண் மாணவிகள் செயல்விளக்கம்"னு போட்டோவோட சின்ன செய்தி வரும் பாருங்க, அதான். தெருவுல கோலமாவை வச்சு ஊரோட படத்தை வரைவாங்க, எங்க கிணறு, எங்க ஏரி, எங்க கோயில், எந்தத் தெருவுல தண்ணி வராதுன்னு ஊர்க்காரங்களையே சொல்ல வச்சு வரையிறது. பார்க்க வேடிக்கை மாதிரி இருக்கும், ஆனா ஊர்ல வாய் திறக்காத ஆயாவெல்லாம் "அந்த வாய்க்கா அங்க இல்ல பாப்பா, இங்க வளைஞ்சு போகுது"னு வந்து திருத்துவாங்க. மேடை போட்டு மைக் பிடிச்சா வராத விவரம் அங்க வந்துடும்.

அவங்க காட்டுற சில விஷயங்கள் காசே ஆகாத சமாச்சாரம். நெல்லு விதை தேர்வு ஒண்ணு சொல்றேன். பக்கெட் தண்ணில ஒரு புது முட்டையைப் போட்டா அது அடில போய் உக்காரும், உப்பைக் கொஞ்சம் கொஞ்சமா கரைச்சுட்டே வந்தா ஒரு கட்டத்துல முட்டை மேல வந்து மிதக்கும். அந்த உப்புத்தண்ணில விதைநெல்லைக் கொட்டினா சரியா பால் பிடிக்காத லேசான நெல்லெல்லாம் மேல மிதந்துடும், கெட்டியான நெல்லு மட்டும் அடில தங்கும். மிதக்குறதை அள்ளிப் போட்டுட்டு அடில இருக்குறதை நல்ல தண்ணில ரெண்டு மூணு தடவை அலசி விதைக்கலாம். உப்பு சேர சேர தண்ணியோட அடர்த்தி ஏறுது, அதான் உள்ள இருக்குற விஞ்ஞானம். கிணத்துத் தண்ணில போட்டா மிதக்காத அரைகுறை நெல்லு கூட இதுல காட்டிக்குடுத்துடும். தென்னைக்கு வேர் வழியா டானிக் கட்டுறது, மஞ்சள் ஒட்டும்பொறி வைக்கிறது, மாட்டுக்கு அசோலா வளர்க்குறதுன்னு இன்னும் உண்டு. உங்க ஊருக்கு அந்தப் பசங்க வந்தா வேடிக்கை பார்த்துட்டுப் போயிடாதீங்க, உக்காந்து கேளுங்க, உங்க அனுபவத்தையும் சொல்லுங்க, அவங்களுக்கும் அது படிப்பு.

குடும்பத்துப் பிரச்சனைக்கு

சட்டத்துலேர்ந்து ஆரம்பிப்போம். சட்டக் கல்லூரிகள்ல சட்ட உதவி மையம் நடத்துவாங்க. வாரிசு சர்டிபிகேட், பட்டா பேர் மாத்தறது, விதவை பென்ஷன், புருஷன் ஜீவனாம்சம் தரல, வேலை பார்த்த இடத்துல சம்பள பாக்கின்னு எந்த ஆபீஸுக்கு எந்த மனு எழுதணும்னே தெரியாம நிக்கிறப்ப இங்க போகலாம். மாணவர்கள் கோர்ட்ல வாதாட முடியாது, அதுக்கு வக்கீலா பதிவு பண்ணியிருக்கணும், ஆனா மனு எழுத உதவுவாங்க, மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு வழி காட்டுவாங்க. அங்க போனா இலவசமா வக்கீல் வச்சுத் தருவாங்க. 1987ல வந்த சட்டப்பணிகள் ஆணைக்குழு சட்டத்தோட 12ஆம் பிரிவுப்படி பெண்கள், குழந்தைங்க, பட்டியல் சாதி, பழங்குடி, மாற்றுத்திறனாளிகள், தொழிலாளர்கள் இவங்களுக்கெல்லாம் வருமானம் எவ்வளவுன்னு பார்க்காமலே இலவச சட்ட உதவிக்கு உரிமை இருக்கு. ஒரு பொண்ணு "என் வீட்டுக்காரர் சம்பாதிக்கிறாரே, எனக்குத் தருவாங்களா"னு தயங்க வேண்டியதே இல்ல. 15100ங்கிற நம்பருக்கு போன் பண்ணியும் கேக்கலாம்.

அடுத்து சமூகப்பணித் துறை. எம்எஸ்டபிள்யூ, அதாவது சமூகப்பணி முதுகலை படிக்கிறவங்களுக்கு களப்பணி கட்டாயம், செமஸ்டர் நடக்கும்போதே வாரத்துல சில நாள் ஆஸ்பத்திரி, ஸ்கூல், குழந்தைகள் இல்லம், குடும்ப ஆலோசனை மையம்னு போய் வேலை பார்ப்பாங்க. சென்னைல 1952லேர்ந்து இருக்குற மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க் இதுல மூத்தது, இப்ப நிறைய காலேஜ்ல இந்தப் படிப்பு இருக்கு. குடி, வீட்டுச் சண்டை, ஸ்கூலுக்குப் போகாம நின்னுபோன பையன், இந்த மாதிரி விஷயத்துக்கு அந்தத் துறைல போய் "எங்களுக்கு யாராவது பேசி உதவ முடியுமா, இல்ல எங்க போகணும்னாவது சொல்ல முடியுமா"னு கேக்கலாம். மனநல ஆலோசனைன்னா ஒண்ணு கவனிங்க, படிக்கிற பசங்க தனியா பேசக் கூடாது, மேற்பார்வைக்கு தகுதி உள்ள ஆசிரியர் இருக்கணும், அது யாருன்னு நேரடியா கேளுங்க. கேக்குறது தப்பில்ல. பல் மருத்துவக் கல்லூரி பக்கத்துல இருந்தா வெளி நோயாளிகள் பிரிவுல கம்மிக் காசுல வைத்தியம் நடக்கும், நேரம் மட்டும் கொஞ்சம் கூட ஆகும், ஏன்னா ஒவ்வொரு கட்டத்துலயும் ஆசிரியர் வந்து பார்த்துட்டுத்தான் அடுத்ததுக்குப் போவாங்க. என்னைக் கேட்டா அது நமக்கு நல்லதுதான்.

ஸ்கூலுக்கு

தலைமை ஆசிரியரா, பள்ளி மேலாண்மைக் குழுல இருக்குற பெற்றோரா இதைப் படிக்கிறீங்கன்னா இந்தப் பகுதி உங்களுக்கு. காலேஜ்லேர்ந்து ஸ்கூலுக்கு வர்ற உதவில பாதி பெயிண்ட் அடிக்கிறதுலயும் மரக்கன்னு நடுறதுலயும் முடிஞ்சு போயிடுது. அது வேண்டாம்னு சொல்லல. ஆனா ஒரே சுவத்துக்கு வருஷா வருஷம் புதுப் புது காலேஜ் வந்து பெயிண்ட் அடிச்சுட்டு போகுது, உள்ள எட்டாவது படிக்கிற பிள்ளைக்கு பின்னக் கணக்கு வரல, இங்கிலீஷ்ல ஒரு பாரா படிக்க வரல. வெளிய நிக்கிற 50 பேருக்கும் அது வரும், சொல்லிக்குடுக்கச் சொல்லி யாரும் கேக்கலைங்கிறதுதான் குறை.

அதனால கேக்கும்போது தெளிவா கேளுங்க. "எங்க பள்ளிக்கு ஏதாவது உதவி பண்ணுங்க சார்"னு லெட்டர் எழுதினா பெயிண்ட் டப்பாதான் வரும். "எட்டாம் வகுப்புல 40 பிள்ளைங்க, அதுல 15 பேருக்கு தமிழ் வாசிப்பே தடுமாறுது, சனிக்கிழமை காலைல ரெண்டு மணி நேரம், 10 வாரம், வாரா வாரம் அதே 5 மாணவர்கள் வரணும்"னு எழுதுங்க. அதே ஆளுங்கங்கிறது முக்கியம், ஏன்னா பிள்ளைங்க முகம் பழகினாத்தான் தப்பா படிக்க தைரியம் வரும். லெட்டரை முதல்வர் பேருக்கு எழுதி, காப்பி ஒண்ணு என்எஸ்எஸ் திட்ட அலுவலருக்கு நேர்ல குடுங்க. வகுப்பு நடக்கும்போது உங்க ஆசிரியர் ஒருத்தர் கண்டிப்பா கூட இருக்கணும், பிள்ளைங்க போட்டோவை பெற்றோர் சம்மதம் இல்லாம எங்கயும் போடக்கூடாதுன்னு முதல் நாளே சொல்லிடுங்க. வர்றவங்க நல்ல பசங்கதான், ஆனா பிள்ளைங்க விஷயத்துல விதி விதிதான்.

நேரமும் பார்க்கணும். காலேஜ்ல ஒரு செமஸ்டர் ஜூன் ஜூலைல தொடங்கி நவம்பர்ல முடியும், அடுத்தது டிசம்பர்ல தொடங்கி ஏப்ரல்ல பரீட்சையோட முடியும். உங்க லெட்டர் ஜூன் கடைசிக்குள்ள போயிட்டா அந்த வருஷத் திட்டத்துல சேர்த்துக்க வாய்ப்பு உண்டு. மார்ச்ல போய் நின்னா எல்லாரும் இன்டர்னல் மார்க்குல மூழ்கியிருப்பாங்க. பி.எட். காலேஜ் பக்கத்துல இருந்தா இன்னும் வசதி, ரெண்டு வருஷப் படிப்புல மொத்தம் 20 வாரம் பள்ளி அனுபவம் அவங்களுக்கு கட்டாயம், நல்ல பள்ளியைத் தேடிட்டு அவங்களே இருப்பாங்க.

பெரிய கிளாஸ் பிள்ளைங்களுக்கு: சென்னை ஐஐடி தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறையோட சேர்ந்து அனைவருக்கும் ஐஐடின்னு அரசுப் பள்ளி மாணவர்களை குறி வச்சு ஒரு முயற்சி பண்ணிட்டு இருக்கு. அங்க 2020ல ஆரம்பிச்ச ஆன்லைன் டேட்டா சயின்ஸ் பட்டப் படிப்புக்கு ஜேஇஇ நுழைவுத் தேர்வு தேவையில்ல, 4 வாரம் அவங்களே பாடம் நடத்தி ஒரு தகுதித் தேர்வு வைப்பாங்க, பாஸ் ஆனா சேர்ந்துக்கலாம், குடும்ப வருமானமும் சமூகப் பிரிவும் பார்த்து 75 சதவீதம் வரைக்கும் ஃபீஸ் குறையும். காமர்ஸ் குரூப் படிச்ச பிள்ளையும் சேரலாம், பத்தாவதுல கணக்கும் இங்கிலீஷும் படிச்சிருந்தா போதும். ஐஐடின்னாலே நமக்கில்லன்னு ஒதுங்குற வீட்டுல இதைக் கண்டிப்பா சொல்லுங்க. பிப்ரவரி 28 தேசிய அறிவியல் தினம், 1928ல அன்னிக்குத்தான் ராமன் விளைவு அறிவிச்சாங்க, அதை ஒட்டி நிறைய பல்கலைக்கழகத் துறைகள் தங்களோட லேபை ஸ்கூல் பசங்களுக்குத் திறந்து காட்டும். ஜனவரியிலயே போன் பண்ணி இடம் பிடிச்சு வைக்கணும், பஸ்ஸுக்கு ஏற்பாடும் பார்த்துக்கணும்.

வேலை தேடுறவங்களுக்கு

காலேஜ் பிளேஸ்மெண்ட் செல்னு இருக்குமே, அது அந்த காலேஜ் பசங்களுக்கு மட்டும்தான், அங்க போய் கேட்டு ஏமாற வேண்டாம். வெளியாளுக்கு இருக்குறது வேற வேற இடம்.

சென்னைப் பல்கலைக்கழகம் மாதிரி பெரிய பல்கலைக்கழகங்கள் உள்ளயே வேலைவாய்ப்புத் தகவல் மற்றும் வழிகாட்டு மையம்னு ஒண்ணு இருக்கும், அரசோட வேலைவாய்ப்புத் துறை நடத்துறது. என்ன படிப்புக்கு என்ன வேலை, எந்தப் பரீட்சை எப்ப வருதுன்னு வழி சொல்வாங்க, போட்டித் தேர்வுக்கு இலவச வகுப்பும் அப்பப்ப நடத்துவாங்க. சிவில் சர்வீஸ்க்கு மதுரை காமராஜர் பல்கலைக்கழகத்துலயும் கோவை பாரதியார் பல்கலைக்கழகத்துலயும் அரசு கோச்சிங் மையம் இருக்கு, நுழைவுத் தேர்வு எழுதி உள்ள போகணும். பேரு தெரியாத அகாடமில கடன் வாங்கி லட்சக்கணக்குல கட்டுறதுக்கு முன்னாடி இதுக்கு ஒரு தடவை எழுதிப் பாருங்களேன்.

பத்தாவதுலயோ பன்னிரண்டாவதுலயோ படிப்பு நின்னுபோனவங்களுக்கு சமுதாயக் கல்லூரின்னு ஒரு வழி இருக்கு. நாட்டுல முதல் சமுதாயக் கல்லூரி 1995ல புதுச்சேரி பல்கலைக்கழகம் ஆரம்பிச்சதுதான். ஆஸ்பத்திரி உதவியாளர், டெய்லரிங், ஏசி மெக்கானிக் மாதிரி குறுகிய காலப் படிப்பு இந்த மாதிரி இடத்துல கிடைக்கும். இங்க ஒரு எச்சரிக்கை சொல்லியே ஆகணும். பத்தாவது பன்னிரண்டாவது முடிக்காம நேரடியா திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துல வாங்குற டிகிரி தமிழ்நாட்டுல அரசு வேலைக்குச் செல்லாது, இதுக்கு 2009லயே அரசாணை இருக்கு, கோர்ட்லயும் அப்படித்தான் தீர்ப்பு வந்திருக்கு. அறிவுக்கு, பிரைவேட் வேலைக்கு படிக்கிறீங்கன்னா சரி. அரசு வேலை குறின்னா முதல்ல விட்டுப்போன பத்தாவதையும் பன்னிரண்டாவதையும் எழுதி முடிச்சுட்டு டிகிரிக்குப் போங்க. இதைத் தெரியாம மூணு வருஷம் படிச்சுட்டு சர்டிபிகேட் சரிபார்ப்புல வெளிய அனுப்பப்பட்டவங்க கண்ணீர் சாதாரணம் இல்ல.

மாவட்ட நிர்வாகம் நடத்துற தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம்கள் பெரும்பாலும் காலேஜ் வளாகத்துலதான் நடக்கும், அது எல்லாருக்கும் திறந்தது, எந்த காலேஜ்ல படிச்சீங்கன்னு கேக்க மாட்டாங்க. பயோடேட்டா பத்து காப்பி, சர்டிபிகேட் ஜெராக்ஸ், போட்டோ எடுத்துட்டுப் போங்க. யாராவது அங்க பதிவுக் கட்டணம், டெபாசிட், யூனிபார்முக்குன்னு காசு கேட்டா குடுக்காதீங்க, அங்க இருக்குற வேலைவாய்ப்பு ஆபீஸ் டேபிள்ல போய் சொல்லுங்க. வீட்டுல இருந்துக்கிட்டே சொந்தத் தொழில்தான் யோசனைன்னா மேல சொன்ன கேவிகேவும் கால்நடைப் பயிற்சி மையமும்தான் முதல் இடம், பேங்க்ல கடன் கேக்கும்போது அந்தப் பயிற்சி சர்டிபிகேட்டும் கூட வச்சுக் குடுக்கலாம்.

ஏன் எல்லா இடத்துலயும் நல்லா நடக்கல

நியாயமான கேள்வி. எனக்குத் தெரிஞ்சு பெரிய காரணம், எதை அளக்குறாங்களோ அதுதான் நடக்கும். காலேஜ்களுக்குத் தரம் போடுற நாக் அமைப்போட மதிப்பீட்டுல மூணாவது அளவுகோல்ல விரிவாக்கப் பணிக்கும் மார்க் இருக்கு. அது நல்லதுதான், அது இல்லன்னா பாதி காலேஜ் வெளியவே வராது. ஆனா மார்க் வாங்க போட்டோ வேணும், வருகைப் பதிவு வேணும், ரிப்போர்ட் வேணும், எத்தனை நிகழ்ச்சின்னு எண்ணிக்கை வேணும். பத்து வாரம் பொறுமையா வாசிக்கச் சொல்லிக்குடுத்தாலும் அது கணக்குல ஒரு நிகழ்ச்சி, பேனர் கட்டி பத்து ஊர்வலம் போனா அது பத்து நிகழ்ச்சி. அப்புறம் என்ஐஆர்எஃப்னு வருஷா வருஷம் ரேங்க் போடுறாங்களே, அதுல அவுட்ரீச்னு ஒரு தலைப்புக்கு 10 சதவீதம் இருக்கு. உள்ள போய் பார்த்தா வெளிமாநில மாணவர்கள் எத்தனை, பெண்கள் எத்தனை, ஏழை மாணவர்கள் எத்தனை, மாற்றுத்திறனாளிக்கு வசதி இருக்கான்னுதான் அளக்குறாங்க. அதெல்லாம் அவசியமான கேள்வி, ஆனா பக்கத்து கிராமத்துக்கு அந்த காலேஜ் என்ன பண்ணுச்சுன்னு அந்தத் தலைப்புக்குக் கீழ எவரும் கேக்கல.

ரெண்டாவது காரணம், ஓடி ஓடி வேலை செய்ற ஆசிரியருக்கு அதனால பெருசா எதுவும் கிடைக்கிறதில்ல. கிளாஸ் எடுத்து, பேப்பர் திருத்தி, அது போக ஞாயித்துக்கிழமை கிராமத்துல நிப்பாரு. அவர் மாறிப் போயிட்டா அந்த ஊருக்கும் காலேஜுக்கும் இருந்த தொடர்பே அறுந்து போகும். உங்க ஊருக்கு அப்படி ஒருத்தர் வந்துட்டு இருந்தா அவர் பேரைக் குறிப்பிட்டு முதல்வருக்கு ஒரு நன்றிக் கடிதம் எழுதிப் போடுங்க, அவர் ஃபைல்ல அது சேரும், அடுத்த தடவை பஸ்ஸும் நேரமும் கேக்கும்போது அவருக்கு உதவும்.

மூணாவது, எனக்கு ரொம்ப உறுத்துறது, கணக்கெடுப்பு. உன்னத் பாரத்துக்காகவோ பிராஜெக்டுக்காகவோ பசங்க வீடு வீடா வருவாங்க. "அக்கா, வீட்டுல எத்தனை பேரு, கழிப்பறை இருக்கா, மாடு எத்தனை, கடன் இருக்கா"ன்னு எல்லாம் கேப்பாங்க. வேலைக்குக் கிளம்புற நேரத்துல அந்த அக்காவும் நின்னு அரை மணி நேரம் பதில் சொல்லி அனுப்புவாங்க, பாதிப் பேரு மோரும் குடுத்து அனுப்புவாங்க. அதோட சரி. அந்தப் பேப்பர் எங்க போச்சு, என்ன முடிவு வந்துச்சு, யாருக்கும் தெரியாது. அடுத்த வருஷம் வேற ஒரு காலேஜ் வந்து அதே கேள்வியைக் கேக்கும். தன்னோட வீட்டு விஷயத்தை நம்பி சொன்ன ஜனங்களுக்கு அதோட முடிவைத் திரும்பி வந்து சொல்றதுதான் குறைஞ்சபட்ச மரியாதை.

இதுக்கு நம்ம கைலயே ஒரு வழி இருக்கு, கிராம சபை. தமிழ்நாட்டுல வருஷத்துக்கு ஆறு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கணக்கெடுக்க வர்ற காலேஜ்கிட்ட முதல் நாளே பஞ்சாயத்துத் தலைவர் மூலமா சொல்லிடலாம், "தாராளமா எடுங்க தம்பி, ஆனா கண்டுபிடிச்சதை எங்க கிராம சபைல வந்து தமிழ்ல சொல்லணும், ஒரு காப்பி பஞ்சாயத்து ஆபீஸ்ல குடுக்கணும்." அதை தீர்மானமாவே போட்டு காலேஜுக்கு அனுப்பலாம். தத்தெடுத்த காலேஜ் எது, பொறுப்பு ஆசிரியர் யாருன்னு தெரியலன்னா அதையும் அங்கயே கேட்டு பதிவு பண்ணலாம். மே 1 லீவுல வரும், மார்ச் 22 பரீட்சை நெருக்கத்துல வரும், அதனால காலேஜ்காரங்களைக் கூப்பிட ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 இந்த மூணும்தான் வசதி. கணக்கெடுப்பு ஜூலைல நடந்தா அக்டோபர் 2க்குள்ள முடிவைத் தொகுக்க அவங்களுக்கும் போதுமான நேரம் கிடைக்கும்.